நூல் தெரியப் பறந்தவர்கள்

சினிமாவைப் பற்றி எழுதுகிறவர்கள் "கேம்ப்" என்றொரு சொல் பாவிப்பார்கள். எங்கட ஊரில் அந்தச் சொல்லை அப்படிச் சும்மா பாவிக்க ஏலாது. கல்முனையில் கேம்ப் என்றால் ஆமிக் கேம்ப். இல்லாவிட்டால் எஸ்.ரி.எஃப். கேம்ப். 2004க்குப் பிறகு இன்னொன்றும் சேர்ந்தது, சுனாமிக் கேம்ப். சினிமாக்காரர்களின் கேம்ப் இதெல்லாம் இல்லை. பகட்டாக, மிகையாக, கொஞ்சமும் வெட்கப்படாமல் செய்யப்பட்டு, அந்த வெட்கமின்மைக்காகவே பிடித்துப்போகிற ஒன்றுக்கு அவர்கள் அப்படிப் பெயர் வைத்திருக்கிறார்கள். சூசன் சொன்டாக் 1964இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தான் வேடிக்கை என்று தெரிந்தே செய்கிறது ஒரு வகை, தெரியாமல் முழு நம்பிக்கையோடு செய்கிறது இன்னொரு வகை என்று அதில் பிரித்தார். எங்களுக்குத் தமிழில் இதற்கு ஒரு சொல் இல்லை. "ரீல்" என்பது கிட்ட வரும். "என்ன ரீல் விடுறான்டா" என்று சிரித்துக்கொண்டே கடைசி வரைக்கும் பார்த்துக்கொண்டு இருப்போமே, அதுதான்.

பழைய சூப்பர் ஹீரோ படங்கள் மேல் இப்ப எல்லாருக்கும் ஒரு பாசம் வந்திருக்கிறது. துணி மேலங்கி, தெரியிற கயிறு, அட்டைப் பெட்டியில் செய்த கொம்பியூட்டர். அந்தப் பாசத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அது அமெரிக்காவில் மட்டும் நடந்தது இல்லை. கல்முனையிலிருந்து பார்த்தால் அது எப்படித் தெரிகிறது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எல்லாரும் முதலில் சொல்வது 1966 பேட்மேன். ஆனால் கதை அதுக்கு முன்னமே தொடங்குது. 1943இல், இரண்டாம் உலகப் போரின் நடுவில், கொலம்பியா நிறுவனம் பேட்மேனை 15 பாகத் தொடர்படமாக எடுத்தது. வில்லன் டொக்டர் டாகா, ஒரு ஜப்பானியன். நடித்ததோ ஒரு வெள்ளைக்காரர். அது போர்க்காலப் பிரசாரப் படம், அதில் இனவெறி வெளிப்படையாகவே இருந்தது. 22 வருடம் கழித்து 1965இல் 15 பாகத்தையும் ஒரே இருப்பில் தியேட்டர்களில் ஓட்டினார்கள். அப்ப வந்த சனம், அதிகமாகக் கல்லூரிப் பொடியன்கள், விழுந்து விழுந்து சிரித்தார்கள். பயப்படுத்த எடுத்தது பகிடியாகிவிட்டது. அடுத்த வருடம் ஜனவரி 12ஆம் தேதி ஏ.பி.சி. தொலைக்காட்சியில் அடம் வெஸ்ட் நடித்த பேட்மேன் தொடங்கியது. இந்த முறை பகிடியைத் தெரிந்தே செய்தார்கள்.

1968 மார்ச் வரைக்கும் 120 பாகம். அடி விழும்போது திரையில் பெரிய எழுத்தில் சத்தம் வரும். வில்லனின் குகைக்குள் போனால் கமரா சரிந்து நிற்கும். ஜோக்கராக நடித்த சீசர் ரொமேரோ மீசையை மழிக்க மறுத்ததால் மீசைக்கு மேலேயே வெள்ளைப் பூச்சைப் பூசினார்கள். கூர்ந்து பார்த்தால் மயிர் தெரியும். இதே 1966இல் வந்த பேட்மேன் திரைப்படத்தில் காலைக் கவ்விய சுறாவை விரட்ட ஒரு தெளிமருந்து வரும். கடற்கரை ஊரில் பிறந்தவன் அதைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு வேறு மாதிரி. எங்கட மீன்காரர்களுக்கும் ஒரு போத்தல் வாங்கிக் குடுக்கலாம் போல இருந்தது எனக்கு.

எனக்கு மிகவும் பிடித்தது சுவர் ஏறுகிற காட்சி. பேட்மேனும் ரொபினும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உயரமான கட்டிடத்தில் நடந்து ஏறுவார்கள். உண்மையில் சுவரைத் தரையில் படுக்க வைத்து, கமராவைப் பக்கவாட்டில் திருப்பி எடுத்தது. ஆட்கள் சும்மா தரையில் குனிந்து நடந்துபோகிறார்கள். மேலங்கி கீழே தொங்க வேண்டுமே? அதுக்கு நூல் கட்டி இழுத்தார்கள். நூல் சில இடங்களில் தெரியும்.

இந்த நூலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மனிசனைத் திரையில் பறக்க வைப்பது ஒரு பெரிய தொழில்நுட்பப் பிரச்சினை. 1948 சூப்பர்மேன் தொடர்படத்தில் கேர்க் அலினைக் கம்பியில் தொங்கவிட்டுப் பார்த்தார்கள், சரிவரவில்லை. கடைசியில் அவர் பறக்கப்போகும் நேரம் பார்த்து ஒரு கார்ட்டூன் படத்தை வரைந்து ஒட்டிவிட்டார்கள். அதாவது ஆள் குதிப்பார், மறுகா கார்ட்டூன் பறக்கும், மறுகா ஒரு பாறைக்குப் பின்னாலிருந்து ஆள் எழும்பி வருவார். 1950களின் தொலைக்காட்சித் தொடரில் ஜோர்ஜ் ரீவ்ஸைக் கட்டிய கம்பி அறுந்து விழுந்த பிறகு, குதிக்கிற பலகை வைத்து அவரைச் சன்னலால் பாய விட்டார்கள். 1978இல் கிறிஸ்டோபர் ரீவ் வந்தார். அந்தப் படத்துக்குச் சுமார் 55 மில்லியன் டொலர் செலவு. முன்னாலிருந்து படத்தை எறிகிற ஒரு புதிய முறையைக் கண்டுபிடித்துத்தான் அவரைப் பறக்க வைத்தார்கள். அதோடு நூல் மறைந்தது. இப்ப வருகிற படங்களில் நூல் மட்டுமில்லை, ஆளும் பாதி கொம்பியூட்டர்தான்.

இது அவர்கட கதை. எங்கட பக்கம் வருவோம்.

மேலங்கி போட்ட ஹீரோ மேற்கிலிருந்து எங்களுக்கு இறக்குமதியானவர் என்று பலரும் நினைக்கிறார்கள். 1935இலேயே பம்பாயில் வாடியா மூவிடோன் "ஹண்டர்வாலி" எடுத்துவிட்டது. முகமூடி, மேலங்கி, கையில் சாட்டை. அநியாயக்காரர்களை அடிக்கிற இளவரசி. நடித்தவர் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் பிறந்த நாடியா. சண்டையெல்லாம் அவரே போட்டார். அடம் வெஸ்டுக்கு 31 வருடம் முந்தி. எங்கட பழைய ஹீரோக்களைப் பற்றிப் பேசும்போது பொடியன்கள் யாரும் நாடியாவை எடுப்பதில்லை. நானும் பிந்தித்தான் தெரிந்துகொண்டேன்.

தமிழில் 1954இல் "மலைக்கள்ளன்". நாமக்கல் கவிஞரின் நாவல், கலைஞரின் வசனம், ஸ்ரீராமுலு நாயுடுவின் இயக்கம், எம்.ஜி.ஆர். நாயகன். பணக்காரரிடம் பறித்து ஏழைக்குக் கொடுக்கிற கள்ளன், ஆனால் இன்னொரு முகத்தில் மரியாதைக்குரிய வியாபாரி. அந்த வியாபாரியின் பெயர் என்ன தெரியுமா? அப்துல் ரஹீம். பேட்மேனுக்கு பகலில் புரூஸ் வெய்ன் என்றால் எங்கட மலைக்கள்ளனுக்கு அப்துல் ரஹீம். இதை நான் முதல்முறை பார்த்தபோது எழும்பி உட்கார்ந்துவிட்டேன். தமிழ்ப் படத்தில் முஸ்லிம் பாத்திரம் என்றால் ஒன்று உயிரை விடுகிற நண்பன், இல்லாவிட்டால் பிற்காலத்தில் குண்டு வைக்கிறவன். இஞ்ச பார்த்தால் ஹீரோ தன்னை மறைக்க எடுத்துக்கொண்ட முகமே எங்கட முகம். படம் பல மொழிகளில் போனது. இந்தியில் திலீப் குமாரின் "ஆசாத்", சிங்களத்தில் 1957இல் "சூரசேன".

பிறகு வரிசையாக வந்தன. 1955இல் "குலேபகாவலி". 1956இல் "அலிபாபாவும் 40 திருடர்களும்", முழுநீளமும் வர்ணத்தில் வந்த முதல் தமிழ்ப் படம், சேலம் மொடேர்ன் தியேட்டர்ஸ் தயாரிப்பு. 1960இல் "பாக்தாத் திருடன்". இந்த பாக்தாத் எந்த ஈராக்கிலும் இல்லாத பாக்தாத். அரபு நாட்டில் பரதநாட்டியம் நடக்கும், ஒட்டகத்துக்குப் பக்கத்தில் தென்னை மரம் நிற்கும். தொப்பியும் தலைப்பாகையும் எந்த நூற்றாண்டிலும் யாரும் போட்டிராத மொடல். இதுக்கு மேலே கேம்ப் வேணுமா? ஆனால் என்ட மூத்தம்மா இதையெல்லாம் ஒரு சிரிப்பும் இல்லாமல்தான் சொல்லுவா. "அவரு நம்மட நாட்டில பொறந்த மனிசன் மனே" என்பா. அது உண்மை. எம்.ஜி.ஆர். 1917இல் கண்டிப் பக்கம் நாவலப்பிட்டியில் பிறந்தவர். படம் பார்க்கிறது பாவம் என்று சொல்கிற அதே மூத்தம்மாதான். அலிபாபா அந்தப் பாவத்தில் சேராது போல.

நான் சொன்ட்டாக்கின் பிரிவை மூத்தம்மாவின் மேல் வைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை. அவ நம்பவும் இல்லை, பகிடியாகவும் எடுக்கவில்லை. அட்டை மலை என்று அவவுக்குத் தெரியும். அட்டை மலைக்குள் இருக்கிற நியாயம் அவவுக்கு வேணும். அவ்வளவுதான்.

எண்பதுகளில் வீடியோ வந்தது. எங்கட சாச்சா ஒருவர் டெக் வாடகைக்கு விட்டார். டீவியும் டெக்கும் கசட்டும் சேர்த்து ஒரு இரவுக்கு எடுத்துப்போகலாம். கறன்ட் இல்லாத நாளில் ஜெனரேட்டரும் சேரும். கலியாண வீடு, பெருநாள் இரவு, சும்மா சேர்ந்து காசு போட்ட இரவு. முற்றத்தில் பாய் விரித்து ஆம்பிளைகள் முன்னால், பெண்கள் பின்னால் இருட்டில். பின்னால் இருந்ததால் பாதிப் படத்தை உம்மா கேட்டிருக்கிறாவே தவிரப் பார்த்ததில்லை. சாச்சாவிடம் எம்.ஜி.ஆரும் இருந்தார், ரஜினியும் இருந்தார், "மிஸ்டர் இந்தியா"வைப் பார்த்து 1989இல் பாக்யராஜ் நடித்த "என் ரத்தத்தின் ரத்தமே"யும் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஹீரோ. ஆள் தெரியாமல் பொருள் மட்டும் அந்தரத்தில் ஆடும். நூலில்தான் ஆடுது.

இந்த இடத்தில் நான் ஒன்றைச் சொல்லாமல் போனால் இது பொய்யான ஏக்கமாகிவிடும். சாச்சாவின் டெக் ஓடிய அதே காலத்தில்தான் இந்தக் கரையில் மற்றதெல்லாம் நடந்தது. 1990 ஜூனில் கல்முனையில் தமிழர்கள் பலர் படையினரால் கொண்டுபோகப்பட்டு, திரும்பி வரவில்லை. அதே வருடம் ஓகஸ்ட் 3ஆம் தேதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். பக்கத்துப் பக்கத்து ஊர்கள், ஒரே மொழி, பிறகு ஒருவரையொருவர் பார்த்துப் பயந்தார்கள்.

அந்தக் காலத்தில் இங்கே முகமூடி போட்டவன் யார்? தலையாட்டி. சுற்றிவளைப்பு நடக்கும். ஆம்பிளைகளை மைதானத்தில் வரிசையாக நிறுத்துவார்கள். அதிகமாக நிறுத்தப்பட்டது தமிழ்ப் பொடியன்கள்தான். ஜீப்புக்குள்ளே சாக்கை முகத்தில் கவிழ்த்த ஒருவன் இருப்பான், சாக்கில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை. ஒவ்வொருவராக அவனுக்கு முன்னால் நடக்க வேணும். தலை ஆடினால் ஆள் போய்விட்டது. பாண்டிருப்பில் எனக்கொரு கூட்டாளி. அவனும் நானும் பேட்மேன் படம் ஒன்றை அவனுடைய வீட்டில் கொம்பியூட்டரில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவனுடைய அப்பா வந்து நின்றார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அந்தக் கண்ணை எனக்குப் பார்க்க ஏலாது தம்பி" என்று சொல்லிவிட்டு வெளியே போய் இருந்தார். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது புதிய பேட்மேன், இருட்டான, கோபமான பேட்மேன். அடம் வெஸ்ட் என்றால் அவர் போயிருக்க மாட்டார் என்று நான் இப்ப நினைக்கிறேன். அடம் வெஸ்டின் முகமூடியில் புருவம் வரைந்திருக்கும். அதைப் பார்த்து யார் பயப்படுவார்?

2011 ஓகஸ்ட் வந்தது. நோன்பு மாதம். நான் அப்ப ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தேன். கிழக்கு முழுவதும் மர்ம மனிதன் கதை. கிறீஸ் பூதம் என்றும் சொன்னார்கள். உடம்பெல்லாம் கிறீஸ் பூசியவன், பிடித்தால் வழுக்குவான், கையில் இரும்பு நகம், காலில் ஸ்பிரிங் சப்பாத்து, மதிலை ஒரே தாவில் தாண்டுவான். ஆம்பிளைகள் தராவீஹ் தொழுகைக்குப் போன நேரம் பெண்கள் இருக்கிற வீட்டுக்குத்தான் வருவான். பொத்துவிலிலும் கிண்ணியாவிலும் சனத்துக்கும் படைக்கும் நடுவில் கலவரம் வந்தது. புத்தளத்தில் ஒரு பொலிஸ்காரர் கொல்லப்பட்டார். துரத்திக்கொண்டு போன சனம், ஓடியவன் கேம்ப்புக்குள் போய்விட்டான் என்றது. அரசாங்கம் மறுத்தது. உம்மாவும் ராத்தாவும் இரவில் குசினிப் பக்கமே போகமாட்டார்கள். நாங்கள் பொடியன்கள் கொட்டனோடு சந்தியில் காவல்.

எனக்கு அப்பவே ஒரு விசயம் தோன்றியது, சொல்லத் தெரியவில்லை. ஸ்பிரிங் சப்பாத்து, இரும்பு நகம், கூரை விட்டுக் கூரை பாய்வது, இதெல்லாம் எங்களுக்குத் தெரிந்த சாமான். நாங்கள் ஆசைப்பட்டு விளையாடிய அதே சாமான்களை யாரோ எடுத்து எங்கட உம்மாமாரைப் பயப்படுத்தப் பாவித்துவிட்டார்கள். அவன் இருந்தானோ இல்லையோ, அவன் உடுப்பு எங்கட படங்களிலிருந்துதான் வந்தது. ஒரே ஒரு வித்தியாசம். அவனுக்கு நூல் தெரியாது.

அதனால்தான் சொல்கிறேன், எங்கட ஊர் ஆள் பழைய மலிவான ஹீரோவைத் தேடுவது அமெரிக்கன் அடம் வெஸ்டைத் தேடுவது போல இல்லை. நூல் தெரிந்தால் பயமில்லை. யாரோ ஒருவன் மேலே இருந்து இழுக்கிறான், கீழே ஒரு மனிசன் தொங்குகிறான், நாளைக்கு அவன் சோறு தின்னப் போவான். எல்லாம் தெரிகிறது. எங்களுக்குத் தெரியாமல் மேலிருந்து இழுத்தவர்களைத்தான் நாங்கள் நிறையக் கண்டுவிட்டோம்.

எங்கட வயதுக்காரருக்கு இந்த வேலையைச் செய்தவர் சக்திமான். 1997 செப்டெம்பர் 13ஆம் தேதி தூர்தர்ஷனில் தொடங்கி 2005 மார்ச் வரை ஓடியது. முகேஷ் கன்னா, அதுக்கு முன்னம் மகாபாரதத்தில் பீஷ்மராக நடித்தவர். எங்களுக்குத் தமிழ் பேசித்தான் அறிமுகமானார். தங்க நிறப் பட்டி வைத்த சிவப்பு உடுப்பு, நெஞ்சில் சக்கரம். பறக்க வேணுமென்றால் ஒரு கையை உயர்த்திப் பம்பரம் போலச் சுற்றுவார். மற்ற நேரத்தில் பல் துருத்திய, சோடாப்புட்டிக் கண்ணாடி போட்ட கங்காதர் என்ற பத்திரிகைப் படப்பிடிப்பாளர். சக்தி வந்தது யோகத்திலும் பஞ்சபூதத்திலும். எங்கட வீட்டுக்கு இது கொஞ்சம் இடக்காகத்தான் இருந்தது. நாங்கள் அதைச் சுலபமாகத் தீர்த்தோம். பிஸ்மி சொல்லிவிட்டுச் சுற்றினோம். மூன்று சுற்றில் தலை கிறுகி மணலில் விழுவோம். கழுத்தில் வாப்பாவின் மருதமுனைச் சாரன். விழுந்து எழும்பும்போது சாரன் கிழிந்திருந்தால் அதுக்கு மேல் வில்லன் தேவையில்லை, வாப்பாவே போதும்.

இந்தியாவில் பிள்ளைகள் சக்திமான் வந்து காப்பாற்றுவார் என்று நம்பி ஆபத்தில் இறங்கினார்கள் என்று செய்திகள் வந்தன. முகேஷ் கன்னா அவற்றைப் பொய் என்று மறுத்துவந்தார். ஆனாலும் ஒவ்வொரு பாகத்தின் கடைசியிலும் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்கிற ஒரு துண்டு வரும். பல் விளக்கு, பொய் சொல்லாதே, இதைச் செய்து பார்க்காதே. எங்களுக்கு அந்தப் பகுதி பிடிக்காது. இப்ப யோசித்தால் அதுவும் நூலைக் காட்டுகிற வேலைதான். 2022இல் இதைப் பெரிய செலவில் திரைப்படமாக எடுக்கப்போவதாக சோனி அறிவித்தது. நல்ல கிராபிக்ஸில் சக்திமான் சுற்றுவதை நினைத்தால் எனக்குப் பெரிய ஆவல் ஒன்றும் வரவில்லை.

இனி மாலேகான். நான் இந்தக் கட்டுரையைத் தொடங்கியதே அதுக்காகத்தான்.

மகாராஷ்டிராவில் நாசிக் மாவட்டத்தில் இருக்கிற ஊர். பெரும்பாலும் முஸ்லிம்கள். தொழில் நெசவு, விசைத்தறி. ஊரின் நடுவில் மோசம் என்ற ஆறு. ஒரு பக்கம் முஸ்லிம்கள், மறுபக்கம் இந்துக்கள். கல்முனையில் ஆறு இல்லை, ஒரு பிரதேச செயலகத்தைப் பிரிக்கிற சண்டைதான் இருக்கிறது. மற்றபடி எனக்கு ஊர் தெரிந்தது போலவே இருந்தது. 2006 செப்டெம்பர் 8, பராஅத் தினம், வெள்ளிக்கிழமை, மையவாடிப் பக்கம் குண்டு வெடித்து 30க்கும் மேல் செத்தார்கள். பிடிக்கப்பட்டது முஸ்லிம் பொடியன்கள். 2016இல்தான் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது.

அந்த ஊரில் நாசிர் ஷேக் என்று ஒருவர். வீடியோ பார்லர் நடத்தினார், கலியாண வீடியோ எடுத்தார், இரண்டு டெக்கை இணைத்து எடிட்டிங் பழகினார். 2000இல் "மாலேகான் கே ஷோலே" எடுத்தார். சுமார் 50,000 ரூபா செலவு. ஷோலேயில் கொள்ளைக்காரர் குதிரையில் வருவார்கள், இதில் சைக்கிளில் வந்தார்கள். ஊரே திரண்டு பார்த்தது. தறிகள் ஓயும் வெள்ளிக்கிழமைதான் அங்கே படம் பார்க்கிற நாள். பிறகு நாசிர் சூப்பர்மேனை எடுக்க முடிவு செய்தார். அவர்கள் அதை எடுத்த கதையைத்தான் ஃபைசா அகமத் கான் "சுப்பர்மென் ஒஃப் மாலேகான்" என்ற ஆவணப்படமாக எடுத்தார். 2008இல் முடிந்து, 2012இல் இந்தியத் தியேட்டர்களுக்கு வந்தது. ரீமா காக்தி எடுத்த "சுப்பர்போய்ஸ் ஒஃப் மாலேகான்" 2025இல் வந்த பிறகுதான் எங்கட பொடியன்கள் பலர் பழைய ஆவணப்படத்தைத் தேடிப் பார்த்தார்கள். புதியது அழகாக இருக்கிறது. பழையதைப் பாருங்கள்.

சூப்பர்மேனாக நடித்தவர் ஷஃபீக் ஷேக், தறித் தொழிலாளி. எலும்பும் தோலுமான உடம்பு. நீல உடுப்புக்கு மேல் சிவப்பு அரைக் காற்சட்டை, அதன் நாடா முன்னால் தொங்குகிறது. நடுவில் கலியாணம் வந்துவிட்டதால் படப்பிடிப்புக்கு லீவு எடுத்துப் போகிறார். கமரா தண்ணீரில் விழுகிறது. மாட்டு வண்டி கிரேன் ஆகிறது. பறக்க வைக்க என்ன செய்வது? நாசிர் பம்பாய்க்குப் போய், பச்சைத் துணிக்கு முன்னால் ஆளை எடுத்து பின்னணியை மாற்றுகிற முறையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வருகிறார். பிறகு ஒரு பச்சைத் துணியைக் கட்டி, ஷஃபீக்கைக் கம்பியில் படுக்க வைத்து, கூட்டாளிகள் பிடித்துக்கொள்கிறார்கள். 1948இல் கார்ட்டூன் ஒட்டியது, 1966இல் கமராவைச் சரித்தது, 1978இல் மில்லியன்களைக் கொட்டியது எல்லாம் தீர்க்க முயன்ற அதே பிரச்சினையை இவர்கள் ஊர்த் துணியோடு தீர்க்கிறார்கள். ஷஃபீக் பறந்தார். நான் சிரித்தேன், பிறகு சிரிக்க ஏலாமல் போனது, ஏனென்றால் படம் வெளியே போன பிறகு நடந்ததை எனக்கு முன்பே தெரியும். 2011இல் வாய்ப்புற்றுநோயில் ஷஃபீக் இறந்துபோனார்.

ஒரு குறை சொல்ல வேணும். மாலேகானின் படங்களில் நடிக்க ஊர்ப் பெண்கள் இல்லை. கதாநாயகியை வெளியூரிலிருந்து கூட்டி வந்தார்கள். எங்கட முற்றத்தில் உம்மா பின்னால் இருந்த இருட்டும் இதுவும் ஒன்றுதான். ஹண்டர்வாலி வந்து 70 வருடத்துக்குப் பிறகும் சாட்டை பெண்ணின் கைக்கு வரவில்லை. கராச்சிக் குடும்பத்துப் பிள்ளை கமலா கான் "மிஸ் மார்வல்" ஆக 2022இல் திரைக்கு வந்தபோது என்ட மருமகள் துப்பட்டாவை மேலங்கியாகக் கட்டிக்கொண்டு ஓடினாள். அது பெரிய செலவுத் தொடர், நூல் ஒன்றும் தெரியாது. ஆனால் அவளுக்குத் தேவைப்பட்டது நூல் இல்லை, தன்னைப் போல ஒருத்தி. அந்த இடத்தில் என்ட வாதம் கொஞ்சம் ஆட்டம் காணுது, காணட்டும்.

அமெரிக்காவில் அடம் வெஸ்டின் பேட்மேன் உரிமைச் சிக்கலால் பல வருடம் முடங்கிக் கிடந்து 2014இல் முழுமையாகத் தட்டுகளில் வந்தது. 2017 ஜூனில் அவர் இறந்தபோது லொஸ் ஏஞ்சலிஸ் நகர மண்டபச் சுவரில் வௌவால் அடையாளத்தை ஒளியாக அடித்தார்கள். ஏக்கப்படுவதற்கு அவர்களிடம் பொருள் இருக்கிறது. சாச்சாவின் கசட்டுகள் எங்கே?

2004 டிசம்பர் 26. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டவர்கள் மௌத்தானார்கள். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, கரை முழுக்க. அதுக்கு முன்னால் கசட்டைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள், சாச்சாவும் பேசியதில்லை. நான் கேட்டபோதுதான் சொன்னார். கடல் திரும்பிப் போன பிறகு அவர் வீடு இருந்த இடத்தைத் தேடிப் போனபோது, உடைந்த கசட்டுகளின் நாடா வேலி வேலியாகச் சுற்றிக் கிடந்ததாம். "கறுப்பு ரிப்பன் மாதிரி, காத்துக்கு ஆடுது. அலிபாபாவா ரஜினியா எண்டு எப்பிடிக் கண்டுபுடிக்கிற?" டெக்கும் கிடைத்தது, உள்ளே மணல். அதற்குப் பிறகு அவர் அந்தத் தொழிலுக்குத் திரும்பவில்லை. அவரோடு காசு சேர்த்துப் படம் போட்ட கூட்டாளிகளில் எத்தனை பேர் மிஞ்சினார்கள் என்று நான் கேட்கவில்லை.

போன பெருநாள் அன்று மாலேகான் ஆவணப்படத்தை லப்டொப்பில் அவருக்குப் போட்டுக் காட்டினேன். நான் சிரித்த இடங்களில் அவர் சிரிக்கவில்லை. இரண்டு டெக்கை இணைத்து எடிட் பண்ணுகிற கதை வந்தபோது, "ஓம், அப்பிடித்தான் செய்யணும், வேற வழி இல்ல" என்று தலையாட்டினார். பச்சைத் துணி வந்தபோது நிறுத்தச் சொன்னார்.

"இது ஏன் பச்சை?"

தோல் நிறத்தில் பச்சை இல்லை, அதனால் கொம்பியூட்டருக்கு ஆளையும் துணியையும் பிரிப்பது சுலபம் என்று எனக்குத் தெரிந்த அளவில் விளங்கப்படுத்தினேன். கொஞ்ச நேரம் ஷஃபீக் கம்பியில் தொங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடைத் துணி சுருங்கும். மருதமுனையில சொன்னா ஒரே அகலத்தில நெய்து தருவாங்க. எத்தின யார் வேணும் உங்களுக்கு?"